பரங்கிமலைத் திடலும் புங்குடுதீவுக் கிணறும்

சென்னை பரங்கிமலையில் உள்ள இந்திய இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் அணிவகுப்புத் திடலுக்குப் பரமேஸ்வரன் திடல் என்று பெயர். மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் 1971இல் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்து 1972 ஜூனில் அதிகாரியாக வெளியே வந்தவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணம் கந்தரோடையில், இந்திய அமைதிப்படையின் அணியொன்றை நடத்திச் சென்றபோது பதுங்கித் தாக்குதலில் இறந்தார். இலங்கைக்கு வந்த அந்தப் படையில், இந்தியாவின் அதியுயர் போர்வீர விருதான பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. இன்றும் பரங்கிமலையில் பயிலும் பிள்ளைகள் எங்கள் மண்ணில் விழுந்த ஒருவரின் பெயர் கொண்ட திடலில்தான் கால் மாற்றப் பழகுகிறார்கள்.

அவர் பரங்கிமலைக்குள் நுழைந்த அதே 1971இல், யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவில் மு. தளையசிங்கம் என்ற ஆசிரியர் ஒரு கிணற்றடிக்குப் போனார். கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியாரும் தண்ணீர் அள்ள வேண்டும் என்பது கோரிக்கை. சத்தியாக்கிரகம் என்றுதான் அதைத் தொடங்கினார். பொலிசார் அவரைத் தாக்கினார்கள், அடைத்து வைத்தார்கள். அதன்பிறகு அவருடைய உடல் தேறவில்லை. 1973இல், நாற்பதை எட்டாமலே இறந்துபோனார்.

இந்த இரண்டு பேரையும் ஒரே தாளில் எழுதுவது சிலருக்கு உறுத்தும். ஒருவர் வந்த படையின் அதிகாரி, மற்றவர் ஊர் வாத்தியார். ஆனால் நான் ஒப்பிட வருவது ஆட்களை அல்ல. ஆளுக்குத் தலைமையும் குணமும் பயிற்சியால் வருமா என்ற கேள்விக்கு இராணுவக் கழகம் ஒரு விடை வைத்திருக்கிறது, சத்தியாக்கிரகம் இன்னொரு விடை வைத்திருக்கிறது. இரண்டுமே வரும் என்கின்றன. எந்தக் குணம், யாருக்கு எதிரே நின்று, எவ்வளவு காலத்துக்கு என்பதில்தான் பிரிகின்றன.

இராணுவத்தின் விடையை முதலில் எடுக்கலாம். பரங்கிமலைப் பயிற்சிக் கழகம் 1963இல் தொடங்கியது. முந்திய ஆண்டு சீனாவோடு நடந்த போரில் பட்ட அடிக்குப் பிறகு இந்தியாவுக்கு அவசரமாக அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். தேராதூனில் 1932 முதல் இருந்த இராணுவக் கழகம் மட்டும் போதவில்லை. 1992இலிருந்து பெண்களும் பரங்கிமலையில் பயில்கிறார்கள். பயிற்சிக் காலம் இப்போது 49 வாரம். ஒரு பட்டதாரியை ஓராண்டுக்குள், முப்பது பேரின் உயிருக்குப் பொறுப்பாளியாக்கி அனுப்ப வேண்டும். நினைத்துப் பார்த்தால் துணிச்சலான ஏற்பாடுதான்.

ஆனால் வேலை அந்த 49 வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தெரிவுக்குழுவின் முன் ஐந்து நாள் நடக்கும் தேர்வில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏழெட்டுப் பேருக்கு ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு பீப்பாய் கொடுத்து, நிலத்தில் கால் படாமல் ஒரு தடையைக் கடக்கச் சொல்வார்கள். யார் தலைவர் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். யார் குரல் உயர்த்துகிறார், யார் மற்றவன் சொன்ன நல்ல யோசனையை எடுத்துக்கொள்கிறார், பலகை விழுந்தபோது யார் யாரைப் பழிக்கிறார் என்று ஓர் அதிகாரி ஓரமாக நின்று குறித்துக்கொள்வார். இந்த முறை 1942இல் பிரிட்டிஷ் இராணுவத்தில் பிறந்தது. அதுவரை பள்ளியும் குடும்பமும் பார்த்து அதிகாரி எடுத்தவர்கள், போர் நீண்டு ஆளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் உளநோய் மருத்துவர்களைக் கூப்பிட்டார்கள். அவர்களில் ஒருவரான வில்பிரட் பியோன் தலைவர் இல்லாத குழு என்ற இந்தச் சோதனையைக் கொண்டுவந்தார். குலம் கோத்திரம் பார்ப்பதை விட்டு ஆளைப் பார்க்கத் தொடங்கிய இடம் அது. யாழ்ப்பாணத்துக் கோயில் நிர்வாகசபை எதுவும் இன்றுவரை அந்தச் சோதனைக்கு இணங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

உள்ளே போனபின் நடப்பதைப் பலரும் சினிமாவில் பார்த்திருப்பார்கள். தலைமயிர் ஒட்ட வெட்டுவது, எங்கு போனாலும் ஓட்டம், ஒருவன் பிழைக்கு முழு அணிக்கும் தண்டனை. இந்தியக் கழகங்களில் இந்தத் தண்டனைக்கு 'ரகடா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகங்களின் பகிடிவதைக்கும் அதற்கும் உறவு உண்டு, எல்லை எங்கே என்று பிரித்துச் சொல்வது கடினம். முதல் சில வாரங்களின் நோக்கம் ஒன்றுதான்: வீட்டிலிருந்து கொண்டுவந்த 'நான்' கொஞ்சம் தளர வேண்டும், பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் இல்லாமல் பிழைக்க முடியாது என்று உடம்புக்குத் தெரியவேண்டும்.

வெளியார் கவனிக்காமல் விடுவது இதன் பிறகு வருவதை. வாரத்துக்கு வாரம் பொறுப்பு மாறும். நேற்று வரிசையில் நின்றவன் இன்று வரிசைக்குக் கட்டளையிடுவான், பிழையாக இட்டால் அவனுடைய தோழர்களே வெயிலில் நிற்பார்கள். மூத்த பருவத்தில் இளையவர்களுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். சக பயிலிளவல்களின் மதிப்பீடும் கணக்கில் வரும். அதிகாரி தன் ஆட்கள் சாப்பிட்ட பிறகே சாப்பிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. 1932இல் தேராதூன் கழகத்தைத் திறந்துவைத்த பீல்ட் மார்ஷல் செட்வுட் சொன்ன வரிசை இன்றும் அங்கே சுவரில் இருக்கிறது: நாடு முதலில், உன் ஆட்கள் அடுத்து, நீ கடைசி. கட்டளைக்குப் பணிவதில் தொடங்கி, கட்டளையிடுவதன் சுமையில் முடியும் பாதை இது. முன்பாதி இல்லாமல் பின்பாதி வராது என்பது அவர்களுடைய நம்பிக்கை.

இலங்கையின் தியத்தலாவையும் இதே வார்ப்புத்தான். 1900இல் போவர் போர்க்கைதிகளை அடைத்த மலைநகரம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு இராணுவப் பயிற்சி நிலையமாகி, 1981இல் இராணுவக் கழகம் என்ற பெயர் பெற்றது. 1949இல் இலங்கை இராணுவம் உருவானபோது பயிலிளவல்களைப் பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கழகத்துக்குத்தான் அனுப்பினார்கள். உள்ளூரிலேயே பயிற்றுவது 1960களின் பிற்பகுதியில் தொடங்கியது. எங்கள் பிள்ளைகளுக்கு இன்று நம்பச் சிரமமாக இருக்கும் ஒரு செய்தி: இலங்கை இராணுவத்தின் முதல் இலங்கையர் தளபதி ஒரு தமிழர், 1955இல் பதவியேற்ற அன்ரன் முத்துக்குமாரு. 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதியாக இருந்தவரும் தமிழர், ராஜன் கதிர்காமர். 1962 ஜனவரியில் முறியடிக்கப்பட்ட சதிப்புரட்சிக்குப் பிறகு அதிகாரிகள் எங்கிருந்து எடுக்கப்படுகிறார்கள் என்பது மாறியது, தமிழருக்கு அங்கே இடம் சுருங்கியது. தனிச் சிங்களச் சட்டம் அதற்கு முன்பே 1956இல் வந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி படையினரின் கைக்குப் போனபோது, புங்குடுதீவின் பன்னிரண்டு வட்டாரங்களில் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறியவர்களுக்கு, எதிரே வந்த படையில் தங்கள் மொழி பேசும் ஒருவர் இருக்கக்கூடும் என்று நினைக்கவும் வழியிருக்கவில்லை. குணம் பற்றிய பாடத்தில் செட்வுட்டின் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. 'உன் ஆட்கள்' என்பதற்குள் யார் அடக்கம் என்பதைப் பாடத்திட்டம் முடிவு செய்வதில்லை, ஆட்சேர்ப்பு முடிவு செய்கிறது.

இனிக் கிணற்றடிக்கு வருவோம். புங்குடுதீவில் தண்ணீர் என்ன பெறுமதி என்று தெரியாதவருக்கு இந்தக் கதை விளங்காது. வேலணையிலிருந்து கடலுக்குக் குறுக்கே போடப்பட்ட தாம்போதி வழியாக வந்து இறங்கினால், பனையும் சுண்ணாம்புக் கல்லும்தான். கிணறு வெட்டினால் பல இடங்களில் உவர். நல்ல தண்ணீர்க் கிணறு எது என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், அது யாருடையது என்பதும் அப்படியே. கோயில் கிணறு கண்ணெதிரே இருக்க, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் குடத்தோடு ஓரமாக நிற்க வேண்டும். உயர்ந்தவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் மனம் வந்து அள்ளி ஊற்றும்வரை நிற்க வேண்டும். யாழ்ப்பாணம் முழுவதும் இருந்த வழக்கம்தான். தீவில் மாற்றுக் கிணறு இல்லாததால் நிற்கும் நேரம் கூடுதல்.

சட்டம் இதை அப்போதே தடுத்திருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயில், பொதுக்கிணறு, தேநீர்க்கடை முதலியவற்றில் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது. ஆகவே 1971இல் தளையசிங்கம் எந்தச் சட்டத்தையும் மீறப் போகவில்லை. பதினான்கு ஆண்டுகளாக ஏட்டில் கிடந்த சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போனார். அதை நடைமுறைப்படுத்தச் சம்பளம் வாங்கியவர்கள்தான் அவரை அடித்தார்கள். ஒப்பாய்வின் முடிச்சு இங்கே விழுகிறது: அன்று கிணற்றடியில் சீருடை அணிந்து பயிற்சி பெற்றவர்கள் சட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் நின்றார்கள், பயிற்சி முகாம் எதையும் பார்க்காத வாத்தியார் சட்டத்தின் பக்கத்தில் நின்றார்.

ஆனால் அவர் பயிற்சி இல்லாதவர் என்று சொல்லலாமா? தளையசிங்கத்தை இலக்கியவாதியாகவே பலர் அறிவார்கள். 'ஒரு தனி வீடு' நாவலும் 'போர்ப்பறை'யும் 'மெய்யுள்'ளும் எழுதியவர். எழுத்தும் வாழ்க்கையும் தனித்தனி அறைகளில் இருக்கக்கூடாது என்பது அவருடைய விடாப்பிடி. காந்தி சொன்ன சர்வோதயத்தைக் கொள்கையாக மட்டும் வைத்திருக்க அவரால் முடியவில்லை, வழிபாடும் தியானமும் ஊர்வேலையும் ஒன்றாகிய ஒரு வாழ்க்கை தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் தீண்டாமைக்கு எதிராக மார்க்சியர்கள் நடத்திய போராட்டம் வேறு வழியில், அடிக்கு அடி என்ற துணிவோடு போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு அவர் மேல் கடும் விமர்சனம், அவருக்கும் அவர்கள் மேல். ஆனால் கிணற்றடியில் அடி விழுந்தபோது திருப்பி அடிக்காமல் நிற்பது என்பது ஒரு நாளில் வரும் குணம் அல்ல.

காந்திக்கு இது அனுபவத்தில் தெரிந்தது. 1922 பெப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் பொலிஸ் நிலையத்துக்குத் தீ வைத்துப் பொலிசார் எரிந்து இறந்ததும், நாடு முழுக்க நடந்த இயக்கத்தை அவர் நிறுத்தினார். எட்டு ஆண்டு கழித்து உப்புக்காக நடந்தபோது, தெருவில் சேர்ந்த கூட்டத்தை நம்பவில்லை. சபர்மதி ஆசிரமத்தில் பழகிய 78 பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். விடியுமுன் எழுதல், கழிப்பறை கழுவுதல், நூற்றல், நாட்குறிப்பு, எல்லாச் சாதியாரும் ஒரே பந்தி. நேர அட்டவணையை மட்டும் பார்த்தால் தேராதூனுக்கும் சபர்மதிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இன்னும் நெருங்கிய ஒற்றுமை ஒன்று உண்டு. அமெரிக்கப் பாதிரியார் ஜேம்ஸ் லாசன் 1950களில் நாக்பூரில் ஆசிரியராக இருந்து காந்தி வழியைப் படித்துக்கொண்டு போனவர். 1960இல் நாஷ்வில் நகரத்து உணவகங்களில் கறுப்பின மாணவர்கள் போய் உட்காருவதற்கு முன், அவர்களைத் தேவாலயத்தில் கூட்டி ஒத்திகை நடத்தினார். சிலர் வெள்ளையராக நடித்து ஏசுவார்கள், தள்ளுவார்கள், முகத்தில் புகை விடுவார்கள். மற்றவர்கள் அசையாமல் உட்கார வேண்டும். முடியாதவர் அன்றைக்குப் போகவேண்டாம். பரங்கிமலையின் ரகடாவைத் தலைகீழாக்கினால் இதுதான். அங்கும் இங்கும் உடம்பை வலிக்கும் அவமானத்துக்கும் பழக்குகிறார்கள். ஒரு முகாமில் அந்தப் பழக்கம் கட்டளை வந்ததும் கை துணிவதற்கு. மற்றதில் எந்தச் சீண்டல் வந்தாலும் கை அடங்குவதற்கு.

இராணுவக் கழகத்தின் பாடத்தில் மெலிந்து கிடக்கும் இடம் எது என்று இப்போது சொல்லலாம். கீழே உள்ளவனுக்கு அதிகாரி என்ன கடன்பட்டவன் என்று அது விரிவாகச் சொல்லித் தருகிறது. மேலே இருந்து பிழையான கட்டளை வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், சட்டம் பதில் வைத்திருக்கிறது: சட்டபூர்வமான கட்டளைக்கு மட்டுமே பணியக் கடமை. ஆனால் 49 வாரம் ஓடி ஓடிப் பழகிய உடம்பு, சட்டபூர்வமானதா என்று நின்று கேட்குமா? 1930 ஏப்ரலில் பெஷாவரில், ஆயுதமில்லாத கூட்டத்தின் மேல் சுடச் சொன்னபோது கர்வால் ரைபிள்ஸின் ஒரு பிரிவு மறுத்தது. முன்னின்றவர் சந்திரசிங் கர்வாலி, கழகத்தில் படித்த அதிகாரி அல்லர், ஹவில்தார். அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. எதிரே நின்ற கூட்டத்தில் கான் அப்துல் கபார் கானின் செஞ்சட்டைத் தொண்டர்கள் இருந்தார்கள். அவர்களும் சீருடை அணிந்து, அணிவகுத்து, உறுதிமொழி எடுத்துப் பயின்றவர்கள், ஆயுதம் மட்டும் இல்லை. ஒரே தெருவில் இரண்டு பயிற்சிகளும் முகத்துக்கு முகம் நின்று, ஒரு கணம் ஒரே முடிவுக்கு வந்தன. அப்படி அடிக்கடி நடப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. பரமேஸ்வரன் கந்தரோடையில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் கட்டளையிட்டபடியே இறந்தார் என்று இந்திய அரசின் பாராட்டுரை சொல்கிறது. அந்தத் துணிவைக் குறைத்துப் பேச எனக்கு எந்தக் காரணமும் இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, 1987 ஒக்டோபர் 21 தீபாவளி நாளில், அதே படை யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து நோயாளர், தாதியர், வைத்தியர் என்று சுட்டுக் கொன்றது. அந்த இரவிலும் அங்கே பயிற்சி பெற்ற அதிகாரிகள் இருந்திருப்பார்கள். துணிவு பயிற்சியால் வரும் என்பதற்குக் கந்தரோடை சாட்சி. துணிவு வந்தால் குணமும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வைத்தியசாலை விடாது.

அப்படியானால் கிணற்றடிதான் வென்றது என்று முடிக்கலாமா? ஊர்ப்பற்று அப்படி முடிக்கச் சொல்கிறது, கணக்கு விடமாட்டேன் என்கிறது. கந்தரோடையில் அதிகாரி விழுந்தால் அடுத்த நிலையில் இருப்பவன் பொறுப்பெடுப்பான். யார் விழுந்தால் யார் என்று புறப்படுமுன்பே தெரியும். பரங்கிமலையில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே வருகிறார்கள். தளையசிங்கம் விழுந்தபோது அடுத்தவர் யார்? அவருடைய தம்பி மு. பொன்னம்பலம் அவர் எழுத்தையும் சிந்தனையையும் பல பத்தாண்டு காத்தார், பரப்பினார். ஆனால் கிணற்றடியில் தொடங்கிய இயக்கம் அவரோடு ஓய்ந்தது. அவர் மறைந்து சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பெடியள் ஆயுத இயக்கங்களின் பயிற்சி முகாம்களைத் தேடிப் போனார்கள். அங்கே கட்டளைக்குப் பணிவது பரங்கிமலையைவிடக் கடுமையாக இருந்தது.

இதைச் சத்தியாக்கிரகத்தின் இயல்பான குறை என்று சொல்லமுடியாது. 1930 மே மாதம் காந்தி கைதானதும் அப்பாஸ் தியாப்ஜி பொறுப்பெடுத்தார். அவர் கைதானதும் சரோஜினி நாயுடு தாராசனை உப்பளத்துக்குத் தொண்டர்களை நடத்திப் போனார். அடி விழ விழ வரிசை வரிசையாக ஆட்கள் முன்னே நடந்தார்கள். யாருக்குப் பின் யார் என்ற ஒழுங்கைக் காந்தி பட்டாளத்திடம் கற்றாரோ தெரியாது. போவர் போரிலும் சூலு கலகத்திலும் அவரே பிரிட்டிஷ் இராணுவத்தோடு தொண்டர் அணி நடத்தியவர், கண்டிருப்பார். தளையசிங்கத்துக்கு அதற்குக் காலமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. அவருடைய சிந்தனை, ஒவ்வொரு மனிதனும் தானே உள்ளுக்குள் மாறி எழவேண்டும் என்றது. அப்படி எழும்வரை வரிசையில் யார் நிற்பது என்பதற்கு அதில் இடம் போதவில்லை என்று எனக்குப் படுகிறது. அவர் மேல் மிகுந்த மதிப்பு வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி பழங்கதை அல்ல. போர் முடிந்து இரண்டு ஆண்டில், 2011 மே மாதம், இலங்கை அரசு பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகத் தெரிவான மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அழைத்தது. தலைமைத்துவப் பயிற்சி, மூன்று வாரம், கட்டாயம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் போனார்கள். விரிவுரையாளர்களும் மாணவர் சங்கங்களும் எதிர்த்தார்கள், உயர்நீதிமன்றம்வரை வழக்குப் போனது. எதிர்ப்பு பெரும்பாலும் இராணுவமயமாக்கல் என்ற சொல்லோடு நின்றது. அது சரியான எதிர்ப்புத்தான். ஆனால் இராணுவத்தின் கண்ணாலேயே பார்த்தாலும் அந்தத் திட்டம் அரைகுறை. ஒரு கழகத்தின் முதல் மூன்று வாரம் என்பது 'நான்' தளர்வதற்கான காலம். கட்டளையிடும் சுமையும், தன் பிழைக்குத் தோழன் வெயிலில் நிற்பதைப் பார்க்கும் வெட்கமும், ஆட்கள் சாப்பிட்ட பிறகு சாப்பிடும் பழக்கமும் அதற்குப் பிறகே வருகின்றன. மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளை கொண்டுபோவது பணிவை மட்டும்.

அதே நாட்டில் 1958இல் நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஆரியரத்தின தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனார். ஊரார் ஒதுக்கி வைத்த ரொடி சாதியாரின் குடியிருப்பு அது. மாணவர்கள் அந்த வீடுகளில் தங்கி, அவர்களோடு மண் வெட்டிக் கிணறு தோண்டினார்கள். இலங்கைச் சர்வோதயமும் சிரமதானம் என்ற வழக்கமும் அங்கேதான் தொடங்கின. கொழும்பின் நல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவன் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது என்ன பயின்றான் என்று எந்த மதிப்பீட்டுத் தாளிலும் குறிக்கவில்லை. ஆனால் 'உன் ஆட்கள்' யார் என்ற கேள்வி அவன் முன்னால் வந்துவிட்டது. தியத்தலாவையோ பரங்கிமலையோ அதைத் தன் பயிலிளவல் முன்னால் வைக்க விரும்பினால், பெரிய செலவு ஒன்றும் வராது. பயிற்சிக் காலத்தில் ஒரு மாதம், ஆயுதமும் சீருடையும் இல்லாமல், தன் மொழி பேசாத ஓர் ஊரில், அந்த ஊரார் கட்டளைக்குக் கீழே வேலை செய்ய அனுப்பினால் போதும். புங்குடுதீவுக்கும் அனுப்பலாம். இறுப்பிட்டிப் பக்கம் தூர்ந்துபோன கிணறுகள் இன்னும் கிடக்கின்றன.